இரண்டாவது எடை

இது நடந்தது. இட்டுக்கட்டியது இல்லை. பேய் என்றால் வெள்ளைப் புடவை, மல்லிகை வாசம், நடுச்சாமம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது பட்டப்பகலில், ஏர்கோன் ஓடும் அறையில், ஜொகூரில் பாலோ ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நடந்தது. அனுபவித்தவர் கிரகோரி, என் அக்காள் கெர்ட்ரூட்டின் வீட்டுக்காரர். அவரே என்னிடம் சொன்னார். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கற்பனை வேண்டும். அது அவருக்குச் சுத்தமாகக் கிடையாது.

கிரகோரி சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். அதை அவர் சொல்லாத நாள் இல்லை. ஜொகூரில் ஒருவனுக்கும் ஒரு ஸ்க்ரூவை ஒழுங்காக முடுக்கத் தெரியாது என்பது அவர் கொள்கை. போன வருஷம் சிங்கப்பூர்க்காரன் கடிதம் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினான். ஐம்பத்து நான்கு வயதில் ஜொகூர் பாருவில் ஒரு சின்னக் கம்பனியில் ஒட்டிக்கொண்டார். அங்கேயும் யாரோடும் பேசமாட்டார், நமக்குச் சமமாக அங்கே யார் இருக்கிறார்கள் என்று. பழைய யூனிக்ஸ் சர்வர்களைப் பார்ப்பதுதான் வேலை. அப்படிப் பார்க்க மிச்சம் இருந்ததே ஒன்றுதான், அந்த ஆலையில். முதலாளி செல்வா அவரைவிடப் பதினைந்து வயது இளையவன். உடைத்தே சொல்லிவிட்டான்.

"இன்னொரு டிஸ்க் போச்சுன்னா அவங்க அந்த சர்வரையே தூக்கிப் போட்டுருவாங்கண்ணே. அப்புறம் உங்களுக்குக் குடுக்க என்கிட்ட வேல இல்ல."

2025 மார்ச் 13. ஆலைக்குள் காரை நிறுத்தி இறங்கினார். காவலாளி நோட்டில் நேரம் எழுதினான்: 10.52.

சர்வர் ஒரு சின்ன ஐஸ்பெட்டி உயரம். வயது இருபதுக்கு மேல். பழம் ஏற்றிவரும் லோரிகளின் எடையைப் பதிவு செய்யும் புரோகிராம் அதில்தான் ஓடியது. உள்ளே வரிசையாக ஆறு ஹார்ட் டிஸ்க். அதில் மூன்றாவது மட்டும் சாகும். நான்கு வருஷத்தில் நான்கு. ஒன்று செத்தால் மற்ற ஐந்தும் தாங்கிக்கொள்ளும் என்பதால் கணக்கு தப்பித்தது. கடைசி டிஸ்க் இரண்டு நாள் முன்னால்தான் போயிருந்தது. சர்வர் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்து, பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். கிரகோரி அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டார்.

"அது இருந்துட்டுப் போகட்டும்ணே," என்றாள் எடை எழுதும் கிராணி யோகேஸ்வரி.

"சாமி கும்பிட்டா டிஸ்க் ஓடுமா? இதான் உங்க ஆலையோட லட்சணம்."

அவள் வெளியே போனாள்.

சர்வரின் மேலே ஒரு சர்வீஸ் புத்தகம். அதே கம்பனியிலிருந்து அவருக்கு முன் வந்த மூன்று பேரின் கையெழுத்து: மூர்த்தி, விஜயன், திமோத்தி. ஒருவன் கேபிளை மாற்றியிருந்தான். ஒருவன் பவர் சப்ளையை. ஒருவன் டிஸ்க்குகள் செருகும் பலகையையே மாற்றியிருந்தான். மாதா மாதம் வந்து கையெழுத்து வேறு. ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரின் கையெழுத்தும் நின்றுபோயிருந்தது.

"வேலை தெரியாத கழுதைங்க. ஓடிட்டானுங்க," என்று சிரித்தார்.

செத்த டிஸ்க்கை உருவி மேசைமேல் வைத்தார். புதியதைச் செருகினார். மற்ற டிஸ்க்குகளிலிருந்து அதற்குத் தகவல் ஏறத் தொடங்கியது. அது முடியும்வரை பழைய பழுதுப் பதிவுகளைத் திறந்து படித்தார். ஒரு டிஸ்க் சாகும்போது, கடைசியாக எந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்று யூனிக்ஸ் எண் போட்டு எழுதி வைக்கும்.

நான்கு முறையும் ஒரே எண்.

அப்படி இருக்கவே முடியாது. நான்கு டிஸ்க்கும் நான்கு கம்பனி. நாலு வீட்டுக் கூரையிலும் அதே பத்தாவது ஓடு உடைவது போல.

டக்... டக்... டக்...

டிஸ்க்கின் ஊசி தடுமாறும் சத்தம். மணி 11.32. புதிய டிஸ்க்கும் அதற்குள் போய்விட்டதா? குனிந்து காதை வைத்தார். புதியது அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தம் மேசைமேல் இருந்து வந்தது.

கேபிள் இல்லை. கரண்ட் இல்லை. செத்த டிஸ்க்... டக்... டக்... என்றது.

கையில் எடுத்தார். நின்றுவிட்டது. சில்லென்று இருந்தது.

ஏர்கோன் குளிர், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிங்கப்பூர் மூளை அல்லவா! அந்த எண்ணில் என்ன ஃபைல் இருக்கிறது என்று தேடினார். 11.47-க்குக் கிடைத்தது. ஒரு சின்ன ஃபைல். 'இரண்டாம் தராசு' என்று பெயர். யோகேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"ரெண்டாவது தராசு எங்கம்மா இருக்கு?"

"ரெண்டாவது தீம்பாங்கா, லோரி ஏத்தி நிறுக்கிற தராசா? அத சிமெண்டு போட்டு மூடி பன்னெண்டு வருசமாச்சேண்ணே. இப்ப அதுமேலதான் நீங்க கார் நிறுத்தியிருக்கீங்க."

"ஏன் மூடினாங்க?"

"தெரியல. கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

ஃபைலில் நான்கே வரி. அவள் திரையைப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனாள்.

"இதுல வரிக்கு மூணு எண் எதுக்கு?" என்று கேட்டார் கிரகோரி.

"உள்ள வர்றப்ப ஒரு எடை. வெளிய போறப்ப ரெண்டாவது எடை. நடுவுல கொறைஞ்சது... ஆலைக்குச் சேரும். லோரின்னா அது பழம்."

லோரி எடை பத்தாயிரம், இருபதாயிரம் கிலோ வரும். இங்கே முதல் வரி: உள்ளே 79. வெளியே 41. ஆலைக்கு 38.

இரண்டாவது: உள்ளே 66. வெளியே 37. ஆலைக்கு 29.

மூன்றாவது: உள்ளே 71. வெளியே 44. ஆலைக்கு 27.

ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் இருந்தன. உள்ளே வந்த தேதிகளைச் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டார். மூர்த்தி முதலில் வந்த நாள். விஜயன் முதலில் வந்த நாள். திமோத்தி முதலில் வந்த நாள். வெளியே போன நேரங்களைப் பழுதுப் பதிவோடு ஒப்பிட்டார். நான்கில் முதல் டிஸ்க் மட்டும் மூர்த்தி வருமுன்பே போனது. மற்றபடி ஒவ்வொருவரும் வெளியே போன அதே நிமிஷத்தில்தான் ஒரு டிஸ்க் செத்திருந்தது. கடைசி டிஸ்க், மார்ச் 11, மதியம் 2.35.

நான்காவது வரி.

இன்றைய தேதி. 10.52. உள்ளே 84.

வெளியே... காலி.

போன வாரம்தான் சர்க்கரை மாத்திரை வாங்கப் போன கிளினிக்கில் எடை பார்த்தார். எண்பத்து நான்கு.

"அலமாக்..." என்றாள் யோகேஸ்வரி. அதற்கு மேல் அவள் நிற்கவில்லை.

எவனோ விளையாடுகிறான் என்று கிரகோரி அந்த வரியை அழித்தார். ஃபைலை மூடினார். திறந்தார்.

10.52. உள்ளே 84.

மறுபடி அழித்தார்.

மேசையில்... டக்.

10.52. உள்ளே 84.

ஃபைலையே அழித்தார்.

டக்... டக்...

திரையில் தானாக எழுத்து ஓடியது. உள்ளே 84.

உள்ளே 84.

உள்ளே 84.

சட்டென்று எல்லாம் நின்றது. மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு பச்சையானது. மணி 12.19. புதிய டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. ஃபைலில் நான்கே வரி. கடைசி வரியில் வெளியே என்ற இடம் மட்டும் காலி.

கருவிப் பையைக்கூட எடுக்காமல் கிரகோரி காருக்கு ஓடினார். ஊருக்கே புத்தி சொல்கிற மனிதர் அப்படி ஓடினார் என்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு வாரம். டிஸ்க் ஓடியது. ஆலை நிர்வாகிக்கு ஏக மகிழ்ச்சி. மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டான். மாதம் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும், அதுவும் கிரகோரிதான் வர வேண்டும் என்று பெயர் போட்டே எழுதச் சொன்னான். வேலை தப்பியது. ஏழு நாளில் தைரியமும் திரும்பியிருந்தது. கிரகோரி கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, தாளை வாங்கவந்த கம்பனி ஆபீஸ் பெண் ஷர்மைனிடம் தன் பெருமையை ஆரம்பித்தார்.

"மூணு பேரு நாலு வருசமா முழிச்சானுங்க. நான் ஒரே நாள்ல முடிச்சேன். எங்க இப்ப அந்தப் பெரிய ஆளுங்க?"

ஷர்மைன் அவரை ஒருமாதிரி பார்த்தாள்.

"உங்களுக்கு யாருமே சொல்லலயா, அங்கிள்? மூணு பேரும் செத்துட்டாங்க. நீங்க ஆலைக்குப் போன அன்னைக்குத்தான் திமோத்திய அடக்கம் பண்ணோம்."

"என்ன வியாதி?"

"டாக்டருக்கே தெரியல. சாப்பிடுவாரு, ஆனா இளைச்சுக்கிட்டே போனாரு. மூர்த்தியும் விஜயனும் அப்படித்தான். ஆஸ்பத்திரில திமோத்திக்குக் கடைசியா எடை பாத்தப்ப நான் பக்கத்துல இருந்தேன். நாப்பத்து நாலு கிலோ. மறுநாள் மதியம் ரெண்டு முப்பத்தஞ்சுக்கு உயிர் போச்சு."

வேலையை விட்டுவிட வேண்டியதுதானே என்று நான் கேட்டேன். இந்த வயதில் யூனிக்ஸ்காரனுக்கு வேறு யார் வேலை கொடுப்பான் என்றார். குரலில் பழைய திமிர் இல்லை.

அது ஆறு மாதத்துக்கு முன்னால். மாதா மாதம் போய் வருகிறார். டிஸ்க் ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அக்காள் அவர் பெல்ட்டில் ஆணியால் இன்னொரு துளை போட்டாள். அது நான்காவது துளை.