பல்லடத்தில் நான்காவது கடைசி ஆட்டம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். பல்லடம் மைதானத்தில் நான் முதலில் பார்த்தது, நெட் கம்பத்தில் தொங்கிய சம்பங்கி மாலையை. எங்கள் மில் பூப்பந்து அணியின் மூத்த ஆட்டக்காரருக்காக உள்ளூர் அணி வாங்கி வைத்தது. அவருக்கு நாற்பத்து மூன்று வயது. வலது முழங்காலில் கட்டு. அன்று அவருக்குக் கடைசி ஆட்டம். அந்த ஆண்டில் அது நான்காவது கடைசி ஆட்டம்.

அறுபதுகளின் தொடக்கம். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அணிக்குப் புள்ளி எழுதுவதும் நானே. நன்றாக ஆடுகிறவர்களை மில்கள் வேலை கொடுத்து வைத்துக்கொண்டன. அணியில் இருக்கும்வரை பகல் வேலை, மூன்று மணிக்குப் பயிற்சி. அணியை விட்டால் ஸ்பின்னிங்கில் மாறிமாறி வரும் ஷிப்டு, பஞ்சுத் தூசி. அவர் பயந்தது அதற்குத்தான்.

முதல் தடவை, உடுமலைப்பேட்டையில், முழங்கால் வலி தாங்காமல் உண்மையாகவே விலகத்தான் போனார். கடைசி ஆட்டம் என்று தெரிந்ததும் எதிரணியினர் மரியாதைக்காக அவர் கைக்கே பந்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். விடைபெறுகிறவரை ஓடவிடுவது எங்கள் பக்கத்தில் அழகல்ல. அவர் ஒவ்வொன்றையும் அடித்துத் தள்ளினார். வென்றோம். அது மரியாதை என்று எங்கள் மானேஜருக்குப் புரியவில்லை.

"இந்தக் கைய வெச்சுக்கிட்டு எதுக்கப்பா ஆட்டத்த விட்டு நிக்கறே?" என்றார். அவரும் அணியிலேயே இருந்துவிட்டார்.

பிறகு பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே காப்பிக் கடையில் உட்கார்ந்து, இதுதான் கடைசி ஆட்டம் என்ற சேதியை அவரே பரப்பினார். தாராபுரத்தில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

பல்லடத்திலும் முதல் செட் வழக்கம்போலப் போனது. எங்களுக்கு இருபத்தொன்பது, அவர்களுக்குப் பதினொன்று. இடைவேளையில் எதிரணிக் கேப்டன் சோடா பாட்டிலுடன் அவரிடம் வந்தார்.

"ஏனுங்க, எங்க மச்சான் உடுமலை டீமுல ஆடறானுங்க. நீங்க தை மாசமே நின்னுபோட்டீங்கன்னு சொன்னானுங்களே?"

இவர் சோடாவை வாங்கிக்கொண்டார். "அது உடுமலைக்குங்க. இது பல்லடத்துக்கு."

"அப்பச் செரிங்க. ஊருக்கு ஒண்ணுங்களா? குடிங்க, குடிங்க."

இரண்டாவது செட்டின் முதல் பந்து அவருடைய இடது காலோரம் விழுந்தது. அடுத்தது தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டில். அவர் போய்ச் சேருவதற்குள் கேப்டன் குரல் வந்துவிடும்.

"பாத்துங்க!"

அதற்கடுத்தது நெட்டுக்குப் பக்கத்தில்.

"முழங்கால் பத்திரமுங்க!"

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் கத்தினார்: "மாலைய இப்பவே போட்டுடுங்கப்பா, ஆளு உழுந்துருவாரு!"

இரண்டாவது செட்டில் எங்களுக்கு ஒன்பது புள்ளி, மூன்றாவதில் ஆறு. அந்த ஆறில் அவர் அடித்தது ஒன்றுமில்லை. முடிந்ததும் கேப்டனே மாலையைப் போட்டு, அவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசமும் வாங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் எழுந்து போய் மானேஜர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது நெசமானதுங்க."

"எது?"

"நிக்கறதுங்க."

மானேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "பல்லடத்துக்கா, மில்லுக்கா?"

சூலூர் தாண்டியபின் பதில் வந்தது.

"மில்லுக்குங்க."

திங்கட்கிழமை ஸ்பின்னிங் காலை ஷிப்டுப் பட்டியலில் அவர் பெயரை எழுதினேன்.