கைரியா மிஸ்ஸின் காப்புறுதி

காப்புறுதி விற்கிறவனுக்குக் கோபம் வரக்கூடாது. எங்கள் கண்டிக் கிளையின் மேலாளர் இதை மாதம் ஒரு தடவையாவது சொல்வார். எனக்கு வரும். கைரியா மிஸ்ஸுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மூக்குக்கு மேல் வரும், அதில் பாதி என் மேலேயே வரும்.

மிஸ் அக்குறணையைச் சேர்ந்தவர். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்து, தபாலதிபராக ஓய்வு பெற்றவர். முத்திரை விற்றதைவிட மற்றவர்களுக்குக் கடிதமும் படிவமும் வாசித்துக் கொடுத்ததுதான் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். அரச கந்தோர்களிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களைத் தமிழில் வாசித்துக் காட்டி, எங்கே கையெழுத்துப் போடலாம், எங்கே போடக்கூடாது என்று பேனா முனையால் தொட்டுக் காட்டுவாராம். தமிழ்ப் பிரதி இல்லாமல் வந்த படிவத்தைத் திருப்பி அனுப்பி, தமிழில் கேட்டு வாங்கிய மனுசி அவர்.

2021 டிசம்பரில் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கணவர் மஹ்ரூப் ஹாஜியார் இறந்து ஒரு வருடம். துபாயில் இருக்கும் மகள் நுஹா, உம்மாவின் முகத்தில் சிரிப்பையே காணோம் என்று நான்கு நாள் உல்லாசக் கப்பல் பயணம் ஒன்றுக்குப் பதிந்திருந்தாள். கொரோனாவுக்கும் சேர்த்துக் காப்புறுதி இல்லாதவரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதற்காகத்தான் வந்திருந்தார்.

நான் மூன்று திட்டங்களை எடுத்து விரித்தேன். மலிவானதில் கொரோனா இல்லை. நடுத்தரமானதில் வைத்தியச் செலவு உண்டு. மூன்றாவதில் எல்லாம் உண்டு. தனிமைப்படுத்தினால் ஹோட்டல் செலவு, கப்பல் தாமதித்தால் நட்டஈடு, மோசமாக ஏதும் நடந்தால் உடலை விமானத்தில் வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது.

"இதத்தான் எல்லாரும் எடுக்கிறாங்க மிஸ்," என்றேன். "எங்க போய் என்ன நடந்தாலும் சொந்த ஊருக்குக் கொண்டாந்து சேத்துடுவோம்."

மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உசிரோட ஈந்தா என்னக் கொண்டு வாங்க. மவுத்தாப் போனா கொண்டு வராதீங்க."

எனக்கு விளங்கவில்லை. விளங்காத முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். அன்று சொன்னதைக் கேட்டபிறகு அந்த மூன்றாவது திட்டத்தை என்னால் சிரித்த முகத்தோடு விற்க முடியவில்லை.

மஹ்ரூப் ஹாஜியாருக்கு 2020 டிசம்பரில் கொரோனா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மிஸ்ஸைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் அடைத்தார்கள். ஐந்தாம் நாள் ஹாஜியார் இறந்தார். மகன் ஸிபான் மடவளையில் மனைவி வீட்டில் இருந்தபடியால் அவரை மட்டும் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒருவர், முழுக்கச் சிங்களத்தில் இருந்த தாளொன்றை நீட்டினார். ஸிபான் தமிழ் மொழியில் படித்தவர். வியாபாரத்துக்குச் சிங்களம் பேசுவார், கந்தோர் சிங்களத்தை வாசிக்கத் தெரியாது. வாப்பாவை அடையாளம் காட்டுகிற தாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். அது எரிப்பதற்குச் சம்மதம். அன்று பின்னேரமே எரித்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்கத்தான் அரசாங்க உத்தரவு. கையெழுத்துப் போடாவிட்டாலும் எரித்திருப்பார்கள். அது எல்லாருக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். ஒரு முஸ்லிம் மனிதரை அவருடைய மார்க்கத்துக்கு மாறாக நெருப்பில் போட்டுவிட்டு, அதற்கு மகனிடமே சம்மதமும் எழுதி வாங்கியவர்களை நான் எந்த வாயால் திட்டுவது?

"ஊருக்கே வாசிச்சுக் குடுத்தேன்," என்றார் மிஸ். "என்ட புள்ளக்கி வாசிச்சுக் குடுக்க நான் அங்க இல்ல. அவனும் ஒருத்தர்ட்டயும் கேக்கல்ல. ஏன்டா கேக்கல்லன்னு ஒரு வருஷமா எனக்கு அவன் மேல ஆத்திரம் தம்பி. அது அநியாயம்னு தெரியும். தெரிஞ்சும் போகுதில்ல."

அப்போது எரிப்பது நின்றிருந்தது. ஆனால் கொரோனாவில் இறந்தவரைக் கிழக்கில் ஓட்டமாவடியில் மட்டும்தான் அடக்கலாம். கண்டியிலிருந்து எத்தனையோ மணிநேர ஓட்டம். நாளைக்கு உத்தரவு மறுபடி மாறாது என்று யார் சொல்வது? இறந்த இடத்திலேயே, தன் மார்க்கப்படி மண்ணில் அடக்க வேண்டும். மிஸ் கேட்டது அது ஒன்றைத்தான்.

தேடினேன். நடுத்தரத் திட்டத்தோடு அப்படியொரு தெரிவு இருந்தது. 'மரணித்த நாட்டிலேயே நல்லடக்கம்.' கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்குப் பெருமை. முகவர் உறுதிமொழியில் அப்போதே கையெழுத்தும் போட்டேன். உடல் பற்றி முடிவெடுக்கும் உறவினர் என்று ஒரு கட்டம் இருந்தது. இலங்கையில் வசிப்பவராக இருக்க வேண்டும், அவரும் கையொப்பமிட வேண்டும். மிஸ் முதலில் நுஹாவின் பெயரைத்தான் சொன்னார். துபாயில் இருப்பவர் சரிவராது என்றேன்.

மறுநாள் ஸிபானைக் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தாறு வயது ஆள், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நான் பேனாவை நீட்டி, சிங்களப் படிவத்தில் கையெழுத்துக்காகப் புள்ளடி போட்ட இடத்தைக் காட்டினேன்.

"தமிழ்ல ஈக்கா?" என்று ஸிபான் கேட்டார்.

இருந்தது. பன்னிரண்டு வருட வேலையில் யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தேன். இருபத்திரண்டு பக்கம். விரலை வரிவரியாக நகர்த்தி வாசித்தார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மிஸ் கடிகாரத்தைப் பார்த்து, "நேத்தே நான் வாசிச்சேன் மகன், சரியாத்தான் ஈக்கி," என்றார். ஸிபான் நிமிரவில்லை.

பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது. "உம்மா, இதப் பாருங்க."

'தொற்றுநோயால் மரணம் சம்பவிக்கும் பட்சத்தில், உடலை அடக்குவதா தகனம் செய்வதா என்பதைக் கப்பல் நிர்வாகமும் துறைமுக அதிகாரிகளுமே தீர்மானிப்பர். கீழே கையொப்பமிடும் உறவினர் அதற்கு முன்கூட்டியே சம்மதித்தவராகக் கருதப்படுவார்.'

மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "நான் பாக்கல்ல," என்றார். முன்பக்கத்தையும் தெரிவுப் பட்டியலையும்தான் பார்த்திருந்தார். முப்பத்தொரு வருடம் படிவம் வாசித்தவர், தாளை மகன் பக்கமே திருப்பி வைத்தார்.

நானும் பார்க்கவில்லை. முந்தின நாள் நான் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி, எல்லாப் பக்கங்களையும் வாடிக்கையாளருக்கு வாசித்து விளக்கினேன் என்கிறது. ஒவ்வொரு படிவத்திலும் அதற்குக் கீழே வாசிக்காமலேயே போடுகிறேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா ராஜலிங்கம், அடுத்தவர் காட்டிய இடத்திலெல்லாம் என்ன ஏதென்று கேட்காமல் கைரேகை வைத்தார் என்று அவரைத் திட்டித் திட்டி வளர்ந்தவன் நான்.

கொழும்புத் தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த வாசகத்தை வெட்ட முடியுமா என்று கேட்டேன்.

"அது எல்லாத்துலயும் போடுற வசனம் சுமன். ஒருத்தரும் வாசிக்கிறதில்ல. கையெழுத்த வாங்கிட்டு அனுப்புங்க."

"இவரு வாசிச்சிட்டாரு!" என்று கத்தினேன். மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். வரட்டும் என்று விட்டேன். தொலைபேசியின் அந்தப் பக்கத்தில் ஒருவரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. கப்பல் பயணத்துக்கு மற்றக் கம்பனிகள் விற்கிற திட்டங்களிலும் இதே வாசகம்தான் என்று மட்டும் சொன்னார்கள்.

மேலாளர் தன் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு ஸிபானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான், தமிழும் ஓரளவு விளங்கும், அவசரமென்றால் சிங்களத்துக்குப் போய்விடுவார். பயப்படும்படி ஒன்றுமில்லை, வெறும் சம்பிரதாயம், அம்மாவின் பயணத்தை ஏன் கெடுக்கிறீர்கள் என்று சிங்களத்தில் சொல்லி, பேனாவை எடுத்து ஸிபானின் கையில் வைத்தார்.

ஸிபான் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிஸ் கண்ணாடியைக் கழற்றி மகனைப் பார்த்தார்.

ஸிபான் எழுந்து நின்றார். பேனாவை மேசையில் வைத்தார். "மம அத்சன் கரன்னே நே," என்றார். கையெழுத்துப் போட மாட்டேன். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு கிளை முழுக்கக் கேட்கும்படி, தொண்டை கிழிய, அதையே சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். காவலாளி ஓடிவந்தார்.

மிஸ் காவலாளியைக் கையால் தடுத்தார். "என்ட மகனுக்கு ஒண்டும் செய்யாதீங்க," என்றார். "அவர் சொல்லட்டும்."