ரெட்டை விசில் சாம்பியன்

“…கேக்காம வண்டிய எடுத்தா, படியில நிக்கவன் விழுந்து சாவ மாட்டானா மக்கா?”

கேட்டவர் முட்டத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர், சூசை அண்ணன். அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்க வேண்டியது என்று அவர் சொன்னது கண்டக்டரின் ரெட்டை விசில். வண்டி என்று சொன்னது டி.வி.க்குள் நின்ற ரேஸ் கார். படியே இல்லாத கார். ஒரே ஒரு ஆள் உட்காரும் கார்!

சிவப்பு லைட் அணைந்ததும் மற்ற கார்கள் எல்லாம் சீறிக்கொண்டு போய்விட்டன. அண்ணன் மட்டும் கன்ட்ரோலரைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

சிரிக்காதீர்கள். அண்ணனுக்கு இது மானப் பிரச்சினை.

துபாய் மருமகன் போன லீவில் வந்தபோது ஒரு புது காரையும் இந்த வீடியோ கேமையும் வீட்டில் விட்டுப் போனார். அடுத்த லீவில் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போவதாகத் திட்டம். போனில் பேசும்போது மருமகன் பிரியமாகத்தான் சொன்னார்… “கார நான் ஓட்டுகேன் மாமா. நீங்க பின் சீட்டுல நல்லா சாஞ்சு தூங்கிட்டு வாங்க.”

பின் சீட்! ஆயுசு முழுக்க ஊரையே பின்னால் உட்கார வைத்து ஓட்டிய மனுஷனைப் பார்த்து!

அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அவரே போன் போட்டு மல்லுக்கு நின்றார். மருமகன் விளையாட்டாக ஒரு பந்தயம் வைத்தார். அந்த கேமில் ஒரு முழு சீசன் ஜெயித்துக் காட்டினால் ஸ்டியரிங் மாமாவுக்கு. சீசன் என்றால் ஒரு ரேஸ் இல்லை. தேசம் தேசமாகப் போய் ஓட்டி, எல்லா ரேஸிலும் வாங்கிய பாயின்ட்டைக் கூட்டி முதலில் நிற்க வேண்டும்.

முதல் ரேஸில் அண்ணன் கடைசி. இரண்டாவதிலும் கடைசி. ஒரு கார் பின்னால் வந்து உரசியதும், இறங்கி டெயில் லைட்டைப் பார்க்க வேண்டும் என்று ஓரமாக நிறுத்திவிட்டார். டயர் மாற்ற பிட்டுக்குள் போனால், வண்டி நின்றுவிட்டதே என்று டீ குடிக்க எழுந்து போனார். அங்கே டயர் மாற்ற மூன்று செகண்ட். இவர் டீக்கு ஒரு சிகரெட் நேரம்.

“ஆளுக்குக் கோளாறு இல்ல. கண்டக்டர் இல்லாம ஓட்டுகாரு, அதான்” என்றார் அவர் மனைவி ரோஸ்லி அக்கா. எவ்வளவு சரியான பேச்சு!

வெள்ளிச்சந்தையிலிருந்து சிவதாணு அண்ணன் வரவழைக்கப்பட்டார். சூசை அண்ணன் பஸ்ஸில் கடைசி வரை கண்டக்டராக இருந்தவர். வந்தவர் சோபாவில் உட்காரவே இல்லை. பின்னால் போய் நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் விசிலோடு அலைகிறவரைப் பற்றி என்ன சொல்ல?

பீ… பீ!

அண்ணன் பறந்தார் பாருங்கள்!

கேமில் ஹாரன் கிடையாது. ஆகவே சிவதாணு அண்ணன் சோபா முதுகை, பஸ் தகரத்தில் தட்டுவதுபோல் தட்டி வழி கேட்டார். முன்னால் இரண்டு கார் அடைத்துக்கொண்டு போனால், “நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு, உள்ள போவும்வே” என்பார். அண்ணனும் உள்ளே போவார்! மழை ரேஸ்களில் வெளிநாட்டுக்காரன் எல்லாம் வழுக்கிச் சுழன்றான். நம் ஊர் ஆனி ஆடி மழையில், வைப்பர் இல்லாத பஸ் ஓட்டியவருக்கு அது ஒரு மழையா? பிட்டில் நின்றால் ரோஸ்லி அக்கா ஆறின டீயைச் சின்ன கிளாஸில் தயாராக நீட்டுவார். ஒரே மடக்கு… ரைட்!

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. ஒற்றை விசில். பஸ்ஸில் ஒற்றை விசில் என்றால் ஆள் இறங்க வேண்டும், வண்டியை நிறுத்து என்று அர்த்தம். ஒருநாள் அடுக்களையில் குக்கர் ஒரு விசில் விட, அண்ணன் நடு ரோட்டில் பிரேக் போட்டுவிட்டார். அன்றோடு ரேஸ் நேரத்தில் அந்த வீட்டில் குக்கருக்குத் தடை. பயறுகூடப் பானையில்தான் வெந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ரேஸ். அதுவரை சேர்த்த பாயின்ட் கணக்கில், முதல் மூன்று இடத்துக்குள் வந்தாலே சாம்பியன். மருமகன் லேப்டாப்பில், துபாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி சுற்று. அண்ணன்தான் முதல்.

அப்போது கேட்டது. ஒரு விசில். நீளமாக.

அண்ணனின் கால், கீழே இல்லாத பிரேக்கை மிதித்தது. விரலும் கூடவே அமுக்கியது. கார் நின்றது. அதைவிடக் கொடுமை, சிவதாணு அண்ணனும் பழக்கத்தில், “எறங்கு, எறங்கு, பைய பாத்து எறங்கு” என்று யாரையோ இறக்கிக்கொண்டிருந்தார்!

ரோஸ்லி அக்கா பதறிப்போய்த் தன் அடுக்களையைப் பார்த்தார். அங்கே குக்கரே இல்லை. எனக்குத்தான் தெரிந்தது… சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக் கொண்டைக்கடலை.

ஒரு கார் தாண்டியது. இன்னொன்றும் தாண்டியது. மூன்றாவது கார் கண்ணாடியில் தெரிந்தபோதுதான் சிவதாணு அண்ணனுக்குச் சுயநினைவு வந்தது.

பீ… பீ!

மூன்றாவது கார் மூக்கை நீட்டுவதற்குள் முடிவுக் கோடு வந்துவிட்டது. மூன்றாம் இடம். சாம்பியன்!

மனுஷனை வேலையிலிருந்து ரிட்டயர் ஆக்கலாம். அவன் காதை யார் ரிட்டயர் ஆக்குவது?

லேப்டாப்பிலிருந்து மருமகன் மெதுவாகச் சொன்னார், “மாமா, நீங்களே ஓட்டுங்க. நான் பின்னாடி இருக்கேன்.”

சூசை அண்ணன் துள்ளவில்லை, கத்தவில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். எழுந்து, முற்றத்தில் நின்ற காரிடம் போனார். தோளில் கிடந்த துண்டை உருவி, திறந்திருந்த ஜன்னல் வழியே பின் சீட்டில் போட்டு, சிவதாணு அண்ணனுக்கு இடம் பிடித்தார்.