தறிக்கால் என்று குறித்தவன்

கல்யாண மண்டபத்தில் முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாடை இன்னும் போகவில்லை. அதோடு ஃபினாயிலும், வரிசையில் நின்றவர்களின் கால் வியர்வையும் சேர்ந்துகொள்ள, நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினேன். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வேட்டியையும் பாவாடையையும் முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்தபடி நின்றார்கள். தசைநோய் ஆராய்ச்சி முகாம் நடந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து வந்த டாக்டர் ஒரு முக்காலியைக் காட்டி, "அடுத்த சாம்பிள்" என்பார். சாம்பிள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கும். ஒரு பெண் கையடக்கக் கேமராவை அதன் காலைச் சுற்றிக் கொண்டுபோவாள். கணினித் திரையில் சாம்பல் நிறத்தில் உடம்பில்லாத கால் ஒன்று முளைக்கும்.

அந்தக் காலுக்குக் கணக்குப் போடுகிறவன் நான். ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். வளைந்த பரப்புகளின் மேல் வேலை செய்யும் ஆபரேட்டர்கள் பற்றி ஆராய்ச்சி. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் கேபிள் டிவி விஷயமா என்று கேட்பார்கள். உண்மையில், பாத்திரக்கடையில் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவது மாதிரியான வேலைதான் அது. ஒரு பரப்பைக் கணக்கால் தட்டினால் வரிசையாகச் சில எண்கள் கிடைக்கும். வளைவு மாறினால் எண்கள் மாறும். பரப்பைத் திருப்பி வைத்தாலும் கண்ணாடியில் காட்டினாலும் மாறாது. இடது கால் என்பது வலது காலின் கண்ணாடி பிம்பம்தானே. அப்படியென்றால் நோயில்லாத ஆளின் இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே எண்களைத் தர வேண்டும். தராவிட்டால் ஏதோ ஒரு தசை கெட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். எழுதிப் பார்க்க அழகான யோசனை. அந்த அழகில் நான் மயங்கித்தான் போனேன்.

'தொடாமலே கண்டறிகிறோம்' என்று டாக்டர் பேனர் அடித்து வாசலில் கட்டியிருந்தார். தொடக்கூடாதவர்கள் என்று பல தலைமுறை ஒதுக்கி வைத்திருந்த தெருவிலிருந்து படித்து மேலே வந்தவன் நான். அந்த வரி எனக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. வெடிப்பு விழுந்து, சாயம் ஏறி, நகம் கறுத்திருந்த அந்தக் கால்களைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. என் அப்பாவின் கால்களும் அப்படித்தான் இருந்தன. அவற்றைவிட்டுத் தூரமாகப் போகத்தான் நான் கணக்கையே படித்தேன்.

முதல் முகாமிலேயே சிக்கல் வந்தது. நன்றாக நடந்து வந்த நெசவாளிகள் பலருக்குக் கணினி சிவப்பு விளக்குக் காட்டியது. டாக்டர் தலையைச் சொறிந்தார். எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. குழித்தறியில், தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பலகையை மிதிக்கும்போது ஆளுக்கு ஒரு கால் முந்தும், பாரமெல்லாம் அதில்தான் இறங்கும். வருஷக்கணக்கில் மிதித்தால் அந்தக் காலின் ஆடுசதை திரண்டுவிடும். எங்கள் வீட்டில் அதைத் தறிக்கால் என்போம். படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கலாம் என்றேன். தறியில் உட்கார்ந்தவரா, எந்தக் கால் முந்தும்? பருத்திருப்பது அதே காலாக இருந்தால் கணினி அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

"இதான் சார், உள்ளூர் ஆள் கூட இருந்தா லாபம்" என்று டாக்டர் என் முதுகில் தட்டினார். அடுத்த ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது முகாமுக்கு என் அக்கா வந்தாள். முசரவாக்கத்தில் மாமாவும் அவளும் ஆளுக்கொரு தறி நெய்கிறார்கள். அவள் பதினாலு வயதில் குழியில் இறங்கியவள். வலது கால் முந்தும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தம்பி, நடந்துக்கினு இருக்கும்போதே முட்டி மடங்கிப் பூடுதுடா. குழியில இருந்து கைய ஊணாம எழுந்துக்கவே முடியல."

"குழியில இருந்து யாருக்கா கைய ஊணாம எழுந்துக்கறாங்க?" என்று சிரித்தேன்.

உண்மைதான், யாரும் எழுவதில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருமே இரண்டு கையையும் குழியின் விளிம்பில் ஊன்றித்தான் மேலே வருவார்கள். எழுந்திருக்கக் கை தேவைப்படுவது இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று என்று டாக்டர் கொடுத்த புத்தகத்தில் நானே படித்திருந்தேன். பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தேன்.

அக்கா முக்காலியில் ஏறினாள். வலது ஆடுசதை இடதைவிட நன்றாகவே பருத்திருந்தது. வரிசையில் இருந்த ஒரு பெண், "இன்னாமா, ஒரு காலுக்கு மட்டும் தனியா சோறு போடுறியா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் படிவத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே நிரப்பினேன். தறிக்கால்: ஆம். வலது. பச்சை விளக்கு எரிந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. தறிக்கால்தான். எண்ணெ தேய்ச்சிக்கினு வெந்நீர்ல குளி."

அவள் சந்தோஷமாகப் போனாள்.

ஒன்றரை வருஷம் கழித்துத் தாமலில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தோம். தரையில் பந்தி. சாப்பிட்டு முடித்து எல்லோரும் எழுந்தார்கள். அக்கா எழவில்லை. முதலில் நான்கு கால் பிராணி மாதிரி குனிந்தாள். பிறகு கைகளைக் கணுக்காலில் வைத்து, முட்டியில் வைத்து, தொடையில் வைத்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறி நிமிர்ந்தாள். அங்கே குழி எதுவும் இல்லை. எச்சில் கையோடு நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே வேறொரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா ஸ்கேன் எதையும் கேட்கவில்லை. குனிந்து அக்காவின் வலது ஆடுசதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இப்படி ரப்பர் மாதிரி இருக்கு?"

அவ்வளவுதான். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. தசை செத்து, அந்த இடத்தில் கொழுப்பு நிரம்பியிருந்தது. பார்க்க உருண்டு திரண்டு பலமான கால். தசையை வெட்டியெடுத்துப் பார்த்த சோதனையும் மரபணுச் சோதனையும் அதையே சொல்லின. இடுப்பிலும் தோளிலும் தொடங்கி மெல்லத் தின்னும் வகை. என் ஆபரேட்டருக்குப் பரப்பு மட்டும்தான் தெரியும். உள்ளே தசையா கொழுப்பா என்று அதற்கு எப்படித் தெரியும்? இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டாம். என்னிடம் படிக்கும் முதலாண்டுப் பிள்ளைகளே சொல்வார்கள். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டே பச்சை விளக்கைப் பார்த்துப் பூரித்தேன், தூ.

முகாம் டாக்டருக்கு போன் செய்தேன். "ஒரு கேஸ்தானே சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். என் அக்காவைத்தான் ஒரு கேஸ் என்றார். நானும் "சரி சார்" என்றேன், ஏனென்றால் எனக்கு அவரிடம் காரியம் ஆக வேண்டியிருந்தது. நோயைத் தள்ளிப்போடக்கூடிய ஒரு புது மருந்தின் சோதனை அவர் இடத்தில் நடந்துகொண்டிருந்தது. இந்த வகை நோய்க்கு வேறு மருந்து எதுவும் இல்லை. சேர ஒரு நிபந்தனை உண்டு. எதையும் பிடிக்காமல் நான்கு படி ஏறிக் காட்ட வேண்டும்.

அக்கா இரண்டு வாரம் வீட்டில் பழகினாள். சோதனை அறையில் மரத்தால் செய்த படிகள் இருந்தன. முதல் படி ஏறினாள். இரண்டாவதில் நின்று மூச்சு வாங்கினாள். மூன்றாவதில் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது, சமாளித்தாள். நான்காவதற்குக் கால் பாதிவரை போய்த் திரும்பி வந்தது. கைகளை இரண்டு பக்கமும் விரித்து வைத்திருந்தாள், தெரியாமல்கூட எதையும் பிடித்துவிடக் கூடாது என்று. அரைமணி நேர ஓய்வுக்குப் பிறகு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இம்முறை மூன்றாவதே வரவில்லை. டேப்லெட் வைத்திருந்த பெண், "சாரிம்மா" என்று எதையோ தட்டினாள்.

வெளியே டாக்டர் என் தோளில் கைபோட்டார். "முகாமுக்கு வந்தப்பவே தெரிஞ்சிருந்தா சர்வசாதாரணமா ஏறியிருப்பாங்க. பரவால்ல, உங்க தறிக்கால் ரூல் நல்ல ரூல்தான். நம்ம ஆராய்ச்சிப் பேப்பர்ல ஒரு வரி மட்டும் சேர்த்துடுங்க." அவர் கையில் சானிடைசர் வாடை அடித்தது. சொன்னபடியே சேர்த்தேன். 'நெசவுத் தொழில் செய்பவர்களிடம் இம்முறைக்குச் சில வரம்புகள் உள்ளன.' அந்த ஒரு வரியை மூன்று முறை மெருகேற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஊர் திரும்பும்போது காரில் அக்கா கேட்டாள். "மண்டபத்துல பச்சையா எரிஞ்சுதே, அது நீ போட்ட கணக்காடா?"

"ஆமாக்கா."

"அப்பவே தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பேனா?"

"ஏறியிருப்பே."

அவள் குனிந்து வலது ஆடுசதையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே இருந்துவிட்டேன். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

வீட்டு வாசலிலேயே மாமா நின்றார். "இன்னா மச்சான், சேத்துக்கினாங்களா?"

நான் செருப்பைக் கழற்றுவது போலக் குனிந்தேன். அக்கா சுவரைப் பிடித்தபடி உள்ளே போய்க்கொண்டே சொன்னாள்.

"சேத்துக்கல. நான்தான் லேட்டு பண்ணிட்டேன். தம்பி அப்பவே வா, பெரிய டாக்டரப் பாக்கலாம்னு சொல்லிக்கினுதான் இருந்துச்சு. நான்தான் தறிய வுட்டுட்டு வரமாட்டேன்னு கெடந்தேன்."

மாமா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீ இன்னா பண்ணுவ மச்சான், உன்னால ஆனதெல்லாம் பண்ணிட்ட. இவ கேட்டாத்தானே. வா, கைய கழுவிக்கினு உக்காரு, சாப்புடு."

உட்கார்ந்தேன். அவரே தட்டு வைத்து, சோறு போட்டு, நடுத்துண்டு மீனாகப் பார்த்து எடுத்து வைத்தார். உள்ளறையில் அக்கா படுக்கையில் மெதுவாக உட்காரும் சத்தம் கேட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன், மறுசோறும் வாங்கிக்கொண்டேன்.