அரிட்டாபட்டிக் கல்படுக்கையில் ஒரு மதியத் தூக்கம்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். சுற்றுலாப் பயணிகளை மலைக்குக் கூட்டிப்போய், அவர்களை அம்போவென்று விட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிய ஒரே வழிகாட்டி மதுரை வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். பேய், முனி என்று யார் ஆரம்பித்தாலும் "அதுக்கு ஆதார் கார்டு இருக்கா?" என்று கேட்டுச் சிரித்த ஆளும் நான்தான். இப்போது நீங்கள் சிரிக்கலாம், என் முறை முடிந்துவிட்டது.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. கல்வெட்டைக் காட்டினால், பாண்டிய ராஜா கோபித்துக்கொண்டு போன ராணிக்கு எழுதிய கடிதம் என்பேன். வானத்தில் எது பறந்தாலும் கருடன். இப்படியே ஒரு பேராசிரியர் குழுவிடம் வசமாக மாட்டினேன். வேன் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு புகார் வந்துச்சுன்னா, விளாங்குடி வீட்டுலயே படுத்துக்க. இங்க வராத."

அதற்கடுத்த பயணம்தான் அரிட்டாபட்டி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஒன்பது பேர். சரோஜா டீச்சர்தான் தலைவி. நான் தும்மினாலும் நோட்டில் குறித்துக்கொள்கிற ரகம். டிரைவர் முருகேசண்ணே கண்மாய்க்கரையில் வேனோடு இருந்துகொண்டார். மேலூரில் சாப்பிட்ட கறிசோறு கண்ணைச் செருகவைக்க, நான் அவர்களோடு ஏறினேன்.

குகையில் சமண முனிவர்களின் கல்படுக்கைகள் இருக்கின்றன. "முனிவர் இப்படித்தான் படுப்பார்" என்று அதில் மல்லாந்து கண்ணை மூடிக் காட்டுவது என் வித்தை. எல்லோரும் படம் எடுப்பார்கள். அன்றும் படுத்தேன், கல் அப்படியொரு குளிர்ச்சி, நம்பினால் நம்புங்கள், ஒரு நிமிஷம்தான்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. குகையில் ஒருவரும் இல்லை.

"டீச்சர்! டீச்சர்!"

பதில் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. வழுக்குப் பாறை, ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பதினெட்டு முட்டி, அதில் நல்ல முட்டி நாலுகூடத் தேறாது. யாராவது விழுந்திருந்தால்? வேலை போவது அப்புறம், உயிரல்லவா? சுனை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு, விழுந்தடித்துக் கீழே வந்தேன்.

ஒன்பது பேரும் வேனுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காலில் விழலாமா என்று நான் யோசிப்பதற்குள் சரோஜா டீச்சர் முந்திக்கொண்டார்.

"குடை கிடைச்சுதா தம்பி?"

"எந்தக் குடை டீச்சர்?"

"சுனைகிட்ட விட்டுட்டேன்னு சொன்னதும், நீங்கதானே எடுத்துட்டு வர்றேன்னு இப்ப மேல ஓடுனீங்க?"

"காணோம் டீச்சர்" என்றது வாய். பழக்கதோஷம்.

நோட்டைக் காட்டினார். கல்வெட்டில் இருக்கும் பழங்காலத் தமிழி எழுத்துகள் ஒவ்வொன்றாக, பக்கத்திலேயே உச்சரிப்பு. கீழே 'லகடு வல்லூறு' என்று ஒரு பறவையின் பெயர், அது எந்தப் பாறை இடுக்கில் உட்காரும் என்ற குறிப்போடு. எல்லாம் நான் சொன்னதாம். எனக்குத் தமிழியில் ஓர் எழுத்து தெரியாது. அந்தப் பறவையை அதுவரை கருடன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு கேள்விக்கு, எனக்குத் தெரியாது டீச்சர்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் ரொம்பப் பிடிச்சுது" என்றார்.

அங்கேதான் எனக்கு வேர்த்தது. அது நானாக இருக்கவே முடியாது.

போனில் ஒரு படமும் காட்டினார். பாறையைச் சுட்டும் ஒரு கை மட்டும். மணிக்கட்டில் பைக் சைலன்சர் சுட்ட தழும்பு. என் கைதான். தூக்கத்தில் நடந்தேனா? நடக்கலாம், ஆனால் தூக்கத்தில் கல்வெட்டு படிக்க முடியுமா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார். "இனிமே இப்படியே இரு மாப்ள" என்றார். எப்படி இருக்க வேண்டும் என்று யாரிடம் போய்க் கேட்பது? இப்போதும் சில குழுக்கள் போனில், "சரோஜா டீச்சரோட வந்தாரே, அவரையே அனுப்புங்க" என்கிறார்கள். நான்தான் போகிறேன். போய், "தெரியாது" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

முருகேசண்ணேயிடம் மட்டும் கேட்கப் பயந்துகொண்டே இருந்தேன். நேற்று வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணிந்து கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு அரிட்டாபட்டியில நான் மலையவிட்டு இறங்கி வந்ததப் பாத்தீகளா?"

அவர் திரும்பவில்லை.

"எந்தத் தடவ?"