மலை பஸ்ஸில் வந்த ரிசல்ட்

இல்லைங்க, வெளியீடு தள்ளிப்போனதற்கு என் சோம்பேறித்தனம் காரணமில்லை.

நம் இலவச மென்பொருளின் சோதனைப் பதிப்பை எல்லோரும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். பழைய லேப்டாப் வைத்திருக்கும் மலர் மட்டும்தான் பாக்கி. நான் பாதியில் விட்ட காலேஜில் கூடப் படித்தவள். கல்வராயன் மலையில் அவள் ஊரில் சிக்னல் கிடையாது. பதிப்பு பென்டிரைவில் போகும், ரிசல்ட் பஸ்ஸில் வரும்.

இன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். பாஸ் என்று சொல்லிவிட்டால் இனி வரமாட்டாளே என்று எனக்கு உதறல்.

"இன்னாடா முழிக்கிற? பிரிண்ட் குடுத்தா நின்னுடுது."

"ஐயோ! சரிபண்ணித் தரேன், திரும்ப டெஸ்ட் பண்ணணும். வருவியா?"

"சிரிச்சிக்கினே ஐயோன்றியே. வரேன், வரேன்."

பிழைக்கு இப்படி மகிழ்ந்த ஒருங்கிணைப்பாளர் வேறு யாராவது உண்டா, சொல்லுங்கள்.

அதே பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார், நான் போய் அவளை வழியனுப்ப வேண்டும்.