உடைத்த மூலையில் ஒட்டிய பிளாஸ்திரி

அந்த ஒலிநாடாவை அழித்தவன் நான். என் ஆறு வயது மகள் அல்ல.

பன்னிரண்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான் இப்போது சொல்ல முடிகிறதோ என்னவோ...

பழவேற்காட்டில் ஓர் இறால் கொள்முதல் கொட்டகையில் நான் எழுத்தர். நாளை இறால் வேண்டுமா, ஐஸ் லாரி எப்போது வரும் என்பதைப் பட்டணத்துக் கம்பெனி தொலைபேசியில்தான் சொல்லும். மறுநாள், அப்படிச் சொல்லவே இல்லை என்றும் சொல்லும். அதனால் ஏரியைச் சுற்றியிருந்த கொட்டகைகள் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கின. ஒருவர் பாதியிலிருந்து பதிவார். இன்னொருவர் தேதி சொல்லமாட்டார். ஒரு கொட்டகையின் நாடாவை இன்னொன்று நம்பாது.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறையை எழுதினேன். எந்த ஊரும், எந்த இயந்திரத்தை வைத்தும் பின்பற்றலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தொடக்கத்திலேயே தேதி, நேரம், இருபக்கமும் பேசுகிறவர் பெயர், பக்கத்தில் நிற்பவர் பெயர். பதிவாகிறது என்று எதிர்முனைக்குச் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் கேசட்டின் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட வேண்டும். உடைத்தால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது.

எழுதியதைக் கூட்டத்தில் படித்தபோது எத்திராஜ் குறுக்கிட்டார். அக்கரைக் குப்பத்துக்காகத் தினமும் படகில் வந்து சேதி வாங்கிப் போகிறவர் அவர்.

"இன்னொரு நாடா எடுத்து எங்களாண்ட குடு சார். பூட்டும் உன்னாண்ட, சாவியும் உன்னாண்டயா?"

எல்லோரும் சிரித்தார்கள். "அதான் உடைச்சிடறோமே எத்திராஜ்" என்றேன் நானும் சிரித்தபடி. அந்த ஒரு விதியை மட்டும் சேர்க்கவில்லை.

ஒரு பிற்பகல் கம்பெனியிலிருந்து அழைப்பு. நாளை ஐஸ் லாரி வராது, யாரும் இறால் பிடிக்க வேண்டாம், உடனே சொல்லிவிடுங்கள் என்றார்கள். "எத்திராஜ் இன்னைக்கு வரல சார், நானே படகுல போய்ச் சொல்லிடறேன்" என்றேன். பதிவானது. துண்டுகளை உடைத்தேன்.

படகுத்துறைக்குக் கிளம்பும்போது வீட்டிலிருந்து ஆள் வந்தது. என் மகள் மல்லிகாவுக்குக் காய்ச்சலில் கண் செருகுகிறதாம். அவளைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கரைக் குப்பம் என் நினைவிலிருந்தே போய்விட்டது.

இந்த ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று முறை வைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். மறுநாள் எத்திராஜின் குழுவுக்குப் பாடு. வலை நிறைய இறால். ஐஸ் இல்லை. உச்சி வெயிலுக்குள் அத்தனையும் நாறிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று ஊரே கொட்டகையில் வந்து நின்றது. மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை... அது ஏன் என் வாயில் வரவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? விதி எழுதியவன் என்ற வீம்பா? "போன் வந்தப்ப எத்திராஜ் பக்கத்துலதான் நின்னாரு. கேட்டுட்டுத்தான் போனாரு" என்றேன்.

நாளை நாடாவைப் போட்டுக் கேட்போம் என்றார்கள் பெரியவர்கள்.

உடைத்த மூலையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். அது எனக்குத் தெரியும். நாடாவையும் பதிவு இயந்திரத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டினேன். காய்ச்சல் விட்டிருந்த மல்லிகாவை மடியில் உட்காரவைத்து, "வாய்ப்பாடு சொல்லு கண்ணு" என்றேன். ஆசையாகச் சொன்னாள். பிறகு பிளாஸ்திரியை உரித்துவிட்டேன்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் நாடா ஓடியது. தேதி வந்தது, நேரம் வந்தது, பிறகு "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு..." சிலர் சிரித்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்கு எடுத்துப்போனேன், குழந்தை விளையாட்டாக அமுக்கிவிட்டாள் என்றேன்.

எத்திராஜ் கேசட்டை வாங்கி உடைந்த மூலையை விரலால் தடவினார். "இது உடைஞ்சி கீதே சார். அப்பால எப்டி ஏறுச்சி?"

"அன்னைக்கு உடைக்க மறந்துட்டேன். காலையிலதான் உடைச்சேன்."

விதி எழுதியவனின் பேச்சை நம்பினார்கள். சேதியைக் கேட்டும் குப்பத்துக்குச் சொல்லாமல் விட்டதற்காக, ஓராண்டுக்கு எத்திராஜுக்குப் பாடு இல்லை என்று தீர்ப்பானது. அவர் மீஞ்சூருக்கு மூட்டை தூக்கப் போனார். திரும்பி வரவில்லை.

தீர்ப்பான அன்று மல்லிகா கேட்டாள். "நீதானே நைனா சொல்லச் சொன்னே?"

"இல்ல கண்ணு. நீயாதான் அமுக்கின. காய்ச்சல்ல மறந்துட்ட."

அந்தப் பெண் என்னை நம்பினாள். அதைவிடப் பெரிய பாவம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. கல்லூரிக்கு ரயிலில் போகிறாள். போன வாரம் மீஞ்சூர் ஸ்டேஷனில் எத்திராஜை அடையாளம் கண்டு, இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். வந்து என்னிடம் சொன்னாள்.

"அவரு திட்டவே இல்ல நைனா. 'நீ இன்னாமா பண்ணுவ, கொழந்த. நல்லா படி'ன்னாரு. உன்னையும் கேட்டதா சொல்லச் சொன்னாரு."

அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவளிடம் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு அவர் காட்டிய இரக்கத்தை நான் காட்டியதில்லை...

சற்றுப் பொறுத்து அவளே கேட்டாள். "நைனா, அன்னைக்கு நான் உன் மடியில உட்காந்திருந்த மாதிரியே இருக்கு. நீ பக்கத்துல இருந்தியா?"

"இல்ல கண்ணு" என்றேன்.

ஏரியைச் சுற்றி எல்லாக் கொட்டகைகளிலும் இன்றும் என் விதிப்படிதான் பதிகிறார்கள். நாளைக் காலையும் மல்லிகாவின் ரயில் மீஞ்சூரில் நிற்கும்.